புடைப்பெழுத்தும் அதன் கருவிகளும்

தில்லைக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் அண்மையில் வாழும் நமக்கு இரட்டைப் புலவர் வரலாறு புதியதன்று. ஒருவர் கண்ணிலார், மற்றவர் காலிலார். நடக்க வல்லவர் தோளின்மீது காண வல்லவர் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்று, ஒருவர் தொடங்கிய செய்யுளை மற்றவர் முடித்துப் பாடினர் என்பது செவிவழிச் செய்தி. தில்லைக் கலம்பகம் அவர் பாடிய நூல்களுள் ஒன்று. பிற்காலத்து வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார், தம் முதுகின்மேல் பிறரை எழுதச் செய்து எழுத்தின் வடிவங்களை உணர்ந்தார் என்றும் சொல்வர்.

இவர்தம் புலமையை வியக்கும் நாம் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணிலாப் புலவர் தாம் பாடியதைத் தாமே எழுதி வைத்தல் இயலாது. பிறர் எழுதியது பிழையின்றி உளதோ என்று தாமே படித்துத் தெளிதலும் இயலாது. எழுத்தாணியால் ஓலையிற் கீறிய வரிகளை மை தடவிக் கண்ணாற் படிக்கலாமேயன்றி, விரலால் விரைந்து படித்தல் அரிது. ஆகவே, கேள்வியறிவு எத்துணைப் பெருகினும், எழுத்தறிவு அவர்க்கு எட்டாக் கனியாகவே நின்றது. அக்கனியைக் கைக்கு எட்டச் செய்தது தாளிற் புடைத்தெழும் புள்ளியாகும். அப்புள்ளியின் வரலாற்றையும், அதனைக் கையாலும் அச்சாலும் எழுப்பும் கருவிகளையும் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்தின் பிறப்பு

பாரிஸ் நகரில் வாலந்தேன் ஹாவுய் என்பார் 1784-ஆம் ஆண்டு பார்வையற்ற சிறார்க்கென ஒரு பள்ளியை நிறுவினார். கண்ணுடையார் வழங்கும் உரோம எழுத்துக்களையே பெரிய அளவில் தாளிற் புடைக்கச் செய்து அவர் நூல்கள் அச்சிட்டார். அவ்வெழுத்தை விரலாற் படிக்கலாம். ஆயின், ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் தடவித் தெளிய நெடுநேரம் ஆகும். படிப்பவன் அவ்வெழுத்தைத் தானே எழுதவோ வழியில்லை.

அப்பள்ளியில் 1819-ஆம் ஆண்டு சேர்ந்தவர் லூயி பிரெயில். 1809-ஆம் ஆண்டு பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையின் தோற்பட்டறையில் விளையாடுகையில் ஊசி ஒன்று கண்ணிற் குத்தியமையால் புண்பட்டு, நாளடைவில் இரு விழியும் இழந்தவர். படைத்தலைவராயிருந்த ஷார்ல் பார்பியே என்பார் இருளிற் படிக்கத்தக்க பன்னிரு புள்ளி எழுத்து ஒன்றை அமைத்திருந்தார். அதில் இரு குறைகள் இருந்தன. பன்னிரு புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கா என்பது ஒன்று; அவ்வெழுத்து ஒலியை மட்டும் குறித்ததேயன்றிச் சொல்லை எழுத்துக் கூட்டி எழுத இடந்தரவில்லை என்பது மற்றொன்று. இளைஞர் பிரெயில் இவ்விரண்டையும் நீக்கினார். புள்ளிகளை ஆறாகச் சுருக்கினார். மொழியின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வடிவம் வகுத்தார். 1829-ஆம் ஆண்டு அம்முறை நூலாக வெளிவந்தது. தம் கண்ணைக் கெடுத்த ஊசியை ஒத்ததொரு கருவியையே தம்மனையார் அனைவர்க்கும் எழுதுகோலாக்கினார் என்பது உள்ளத்தை உருக்கும் செய்தியன்றோ!

தமிழுக்கு வந்தமை

இந்திய நாட்டிற் பார்வையற்றோர்க்கான முதற்பள்ளி 1887-ஆம் ஆண்டு அமிர்தசரசில் மிஷன் ஊழியர் ஒருவரால் தொடங்கப்பெற்றது. மூவாண்டு கழித்து, 1890-ஆம் ஆண்டு, பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தமிழ்ச் சிறார்க்கு அத்தகைய பள்ளியைத் தொடங்கினார். அக்காலத்தில் நம் நாட்டு மொழிகளுக்கெனப் பலரும் பல பிரெயில் முறைகளை அமைத்தனர். ஒரு முறை கற்றவர் மற்றொரு முறையிற் படிக்க இயலாது; ஒரு முறைக்கென அச்சிட்ட நூல் மற்றொரு பள்ளிக்குப் பயன்படாது. இவ்விடரைக் களைய இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான ‘பாரதி பிரெயில்’ 1951-ஆம் ஆண்டு ஏற்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே தேராதூனில் நடுவண் பிரெயில் அச்சகமும் நிறுவப்பட்டது.

இம்முறையில் ஓரெழுத்துக்கு உரிய இடம் இரு நிரை, மூன்று வரி கொண்ட ஆறு புள்ளிக் கட்டம். இடநிரையில் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலநிரையில் 4, 5, 6. இவற்றை வேறுவேறு வகையிற் கூட்டினால் 63 வடிவங்கள் பிறக்கும். அகரத்துக்கு 1 மட்டும்; இகரத்துக்கு 2, 4; ககரத்துக்கு 1, 3. உயிர்மெய்க்குத் தனி வடிவம் இல்லை. மெய்யை முன்னும் உயிரைப் பின்னும் எழுதவேண்டும். அகரம் ஏறிய மெய்க்கு உயிரை எழுத வேண்டா. அச்செழுத்தில் ‘கொ’ என்பதற்குக் கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்பதையும், பிரெயிலில் ககரமும் ஒகரமும் ஒலிக்கும் முறையிலேயே அடுத்தடுத்து நிற்பதையும் ஒப்பிட்டுக் காண்க. மெய்யின் தலைமேல் நாம் இடும் புள்ளி, பிரெயிலில் 4 என்னும் ஒற்றைப் புள்ளியாகி அம்மெய்க்கு முன்னே நிற்கும். விரல் மெய்யைத் தொடுமுன்னரே, வருவது உயிரேறா மெய் என்று அது அறிவித்துவிடுகிறது.

கைக்கருவிகள்

கையால் எழுதுவார்க்கு வேண்டுவன மூன்று: சிலேட்டு, ஸ்டைலஸ், தாள்.

பிரெயில் சிலேட்டு என்பது நாம் இளமையிற் கண்ட கற்பலகையன்று. கீலால் இணைந்த இரு தகடுகள் கொண்டது அது. மேல்தகட்டில் சிறு சாளரங்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு சாளரத்தின் நேர்கீழே அடித்தகட்டில் ஆறு குழிகள் இருக்கும். இரண்டுக்கும் இடையே தாளை வைத்து மூடினால் கூரிய முனைகள் அதனை அசையாது பற்றிக்கொள்ளும். பெரிய அளவினதில் இவ்விரட்டைத் தகடு ஒரு பலகைமேல் நகரும். சில வரிகள் எழுதி முடிந்தபின் அதனைக் கீழே இறக்கி அடுத்த துளையில் பொருத்துவர். குழிகள் தேய்ந்தாலும், மேல்தகடு சிறிது விலகினாலும் புள்ளிகள் இடம் மாறிப் படிப்போர் மயங்குவர். ஆகவே, சிலேட்டு வாங்குவோர் மேலும் கீழும் செம்மையாகப் பொருந்துகின்றனவா என்று முதலிற் பார்த்தல் வேண்டும்.

ஸ்டைலஸ் என்பது குறுகிய எழுத்தாணி. உள்ளங்கையில் அடங்கும் குமிழ்ப்பிடியும், எஃகு முனையும் உடையது. முனை மழுங்கலான உருண்டையாக இருத்தல் வேண்டும். மிகக் கூராயின் தாளைத் துளைத்துவிடும். துளைபட்ட புள்ளி விரலுக்குக் கரகரக்கும். விரைவில் அமிழ்ந்தும் போகும். புள்ளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் உயரம் எழுந்து, தலை உருண்டு நிற்றலே செவ்விய புள்ளியின் இலக்கணம்.

மூன்றாவதாகிய தாளே பலரும் கருதாது விடுவது. நாம் வழங்கும் எழுதுதாள் சதுர மீட்டருக்கு 60 அல்லது 70 கிராம் எடையுள்ளது. அதில் எழுப்பிய புள்ளி இருமுறை விரல் பட்ட அளவில் மடிந்துவிடும். பிரெயில் தாள் ஏறக்குறைய 120 முதல் 160 கிராம் எடையுடன், நெடிய நார்கள் பிணைந்து வலியதாய் இருத்தல் வேண்டும். நம் கடலூர் போன்ற கரையோர ஊர்களில் காற்றின் ஈரம் தாளை நெகிழ்த்தலால், தாட்கட்டை உலர்ந்த இடத்தில் மூடி வைத்தல் நன்று. எழுதி முடித்த ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின் மேற்பாரத்தால் புள்ளிகள் நசுங்கும். நிமிர்த்தி வைத்தலே முறை.

ஒரு பயிற்சி

மாணவ நண்பர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். சிலேட்டில் எழுதும்போது புள்ளி தாளின் மறுபுறத்தில் எழுகிறது. ஆதலின், தாளைத் திருப்பிப் படிக்கையில் வலம் இடமாக மாறும். எனவே வலக்கோடியிலிருந்து இடப்புறமாக எழுதிச் செல்லவேண்டும். ஒவ்வொரு சாளரத்திலும் 1, 2, 3 ஆகிய புள்ளிகள் வலநிரையில் இருப்பதாகக் கொள்ளவேண்டும்.

‘தமிழ்’ என்னும் சொல்லை எழுதுவோம். தகரம்: 2, 3, 4, 5. மகரம்: 1, 3, 4. இகரம்: 2, 4. அடுத்து, மெய் வருதலை உணர்த்தும் 4. இறுதியில் ழகரம்: 1, 2, 3, 5, 6. மூன்றெழுத்துச் சொல் ஐந்து கட்டங்களையும் பதினைந்து புள்ளிகளையும் கொள்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே அழுத்தவேண்டும். பிழை நேரின் அப்புள்ளியைத் தட்டையாகத் தேய்த்து மீண்டும் எழுதலாம். ஆயினும் வடு முற்றும் மறையாது. எழுதியதைப் படிக்கவேண்டுமாயின் தாளை எடுத்துத் திருப்பவேண்டும். ஒரு பக்கம் எழுதிய பின்னரே, ஒரு பார்வையற்ற மாணவர் வகுப்பிற் குறிப்பெடுத்தல் எத்துணைப் பொறுமையும் உழைப்பும் வேண்டும் பணி என்பது நமக்கு விளங்கும்.

எந்திரமும் அச்சும்

இவ்வுழைப்பைக் குறைத்தது பிரெயில் தட்டச்சு எந்திரம். அமெரிக்காவில் இல்லினாய் பார்வையற்றோர் பள்ளித் தலைவராயிருந்த பிராங்க் ஹால் 1892-ஆம் ஆண்டு இதனை அமைத்தார். ஆறு புள்ளிக்கும் ஆறு விசைகள். வேண்டியவற்றை ஒருங்கே அழுத்தினால் ஓரெழுத்து முழுவதும் ஒரே அழுத்தில் எழும். தாளைத் திருப்பவும் வேண்டா. புள்ளி மேற்புறமாகவே எழுதலின், எழுத எழுதப் படித்துக்கொள்ளலாம். டேவிட் ஆபிரகாம் அமைத்த பெர்க்கின்ஸ் எந்திரம் 1951-ஆம் ஆண்டு வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. நம் மாநிலத்திலேயே, காட்பாடியில் உள்ள வொர்த் அறக்கட்டளையின் பட்டறையில் அவ்வெந்திரங்கள் செய்யப்பட்டு வந்துள்ளன.

பல படிகள் வேண்டின் அச்சு வேண்டும். ஹால் 1893-ஆம் ஆண்டு உலோகத் தகட்டிற் புள்ளி பொறிக்கும் கருவியையும் செய்தார். மடித்த தகட்டின் இரு மடிப்பிலும் ஒருங்கே புள்ளிகளைப் பொறித்து, இடையே தாளை வைத்து அழுத்தினால், ஒரு மடிப்பின் மேடு மறு மடிப்பின் பள்ளத்திற் பொருந்தித் தாளிற் புள்ளிகள் எழும். தாளின் இருபுறமும் அச்சிடுகையில், ஒருபுறத்துப் புள்ளிகளின் இடைவெளியில் மறுபுறத்துப் புள்ளிகள் விழுமாறு சிறிது நகர்த்தி அமைப்பர். இந்நாளிற் கணினியில் தட்டச்சிட்ட தமிழ்ப் பகுதியை மென்பொருள் பிரெயிலாக மாற்ற, புடைப்பு எந்திரம் நேரே தாளிற் பொறிக்கிறது. இவ்வளவு எளிமை வந்தும், நூலின் பருமன் குறைந்தபாடில்லை. ஆங்கில வேதாகமம் முழுவதும் பிரெயிலில் ஏறத்தாழ நாற்பது தொகுதிகளாக விரியும். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் திருக்குறள், மணிமேகலை முதலிய செவ்வியல் நூல்களின் பிரெயில் பதிப்புகள் வெளியிடப்பெற்றமை நாம் மகிழத்தக்க செய்தி.

கேட்டல் போதாதோ?

‘கைபேசியே நூலைப் படித்துக் காட்டுகிறதே, இத்துணைத் தாளும் தகடும் எதற்கு?’ என்று சிலர் வினவுவர். கேட்டல் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் தமிழ் கற்போர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். ‘அரம்’ என்றும் ‘அறம்’ என்றும், ‘மனம்’ என்றும் ‘மணம்’ என்றும் வரும் சொற்களை இக்காலத்து நம் நாவும் நம் கருவிகளும் பெரும்பாலும் வேறுபடுத்தி ஒலிப்பதில்லை. செவியொன்றாலேயே கற்றவன் எழுதப் புகின் இவ்விடங்களில் தடுமாறுவான். அது அவன் அறிவின் குறையன்று, அவனுக்கு எழுத்தைக் காட்டாதவர் குறை. பிரெயில் கற்றவன் விரலுக்கோ ரகரம் 1, 2, 3, 5. றகரம் 1, 2, 4, 5, 6. இரண்டும் ஒருநாளும் மயங்கா. பார்பியேயின் ஒலிக்குறியை விடுத்து எழுத்துக்கு எழுத்து வேண்டுமென்று லூயி பிரெயில் நின்றதன் பயன் இதுவே. கேட்பவன் நூலை அறிகிறான். தொட்டுப் படிப்பவன் மொழியையே அறிகிறான்.

ஆதலின், நம் போன்ற கல்லூரியின் நூலகத்தில் சில சிலேட்டுகளும், தாட்கட்டும், ஓர் எந்திரமும் இருத்தல் அழகுக்காக அன்று, தேவைக்காகவே. உயர்கல்வி நிலையங்களில் மாற்றுத்திறனாளிகட்கு நூற்றுக்கு ஐந்து இடங்களுக்குக் குறையாது ஒதுக்கவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இடம் தந்தவர் ஏடும் தரவேண்டாவோ? பாடப் பகுதிகளைப் பிழையின்றிக் கணினியிற் தட்டச்சிட்டுத் தருதல் எந்த மாணவரும் செய்யத்தக்க தொண்டு. அச்சிட்டபின் பிழை திருத்தவும் ஆள் வேண்டும். ஒருவர் பிரெயில் ஏட்டை விரலாற் படித்துச் சொல்ல, மற்றவர் மூல நூலைக் கண்ணாற் பார்த்து ஒப்பிடுதலே அதற்குரிய முறை. அவ்வாறு இருவர் ஒரு மேசையின் முன் அமர்ந்து, ஒருவர் விட்டதை ஒருவர் முடிக்குங்கால், தில்லையைப் பாடிய இரட்டைப் புலவர் மரபு நம் கல்லூரியிலும் தொடரும். அம்முறை ஒரு வேறுபாடு உண்டு: கண்ணிலார் பாட்டைக் கண்ணிலாரே எழுதுவார், தாமே படிப்பார், தாமே திருத்துவார்.