பாடம் ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம்

கேள்வி: பையன் பத்தாம் வகுப்பு. பாடப் புத்தகத்தைத் தவிர மற்றதெல்லாம் படிக்கிறான். கண்டிக்கலாமா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: பரீட்சை நெருங்கும்போது கொஞ்சம் முறைத்துக்கொள்ளுங்கள், அம்மா. மற்ற நாட்களில் விட்டுவிடுங்கள்.

உங்கள் பக்கத்துக் கதையே இருக்கிறது. ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸுக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். 1860-ல் சென்னை மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் சட்டம் படித்து வக்கீல் ஆனார். அதோடு நிற்கவில்லை. வீட்டில் பெரிய நூலகமே வைத்திருந்தார். டார்வின், மார்க்ஸ் என்று தேடித் தேடிப் படித்தார். 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவர், முப்பதுகளில் ‘குடி அரசு’ இதழில் சாதாரண மனிதருக்கும் புரியும்படி விஞ்ஞானம் எழுதினார். பாடப் புத்தகத்தோடு நின்றிருந்தால் இன்னொரு வக்கீல், அவ்வளவுதான்.

புத்தகம் வாங்கக் காசுக்கு எங்கே போவது என்பீர்கள். வீட்டு வரிக் கணக்கில் நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், விடாமல் வலியுறுத்தியதால் 1948-ல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். வாடகை வீடென்றாலும் அந்த வரி எப்படியோ வாடகையில் ஏறித்தான் இருக்கும்! கொடுத்த காசுக்கு மகனைக் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.

அவன் கொண்டுவருவதை நீங்களும் புரட்டுங்கள். கண்டிப்பதென்றால் படித்துவிட்டே கண்டிக்கலாம்.