கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லையா?

படர்தாமரைக்கோ நகச்சொத்தைக்கோ 'ஃபங்கல் கல்ச்சர்' கொடுத்தவர்கள் பலர், ரிப்போர்ட்டில் "வளர்ச்சி இல்லை" என்று பார்த்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்ப்பது எப்படி என்று தெரிந்தால் அந்தத் தவறு நேராது.

நம்பிக்கை: இரண்டு நாளில் வளராவிட்டால் பூஞ்சை இல்லை.

உண்மை: அது பாக்டீரியாவின் கணக்கு. படர்தாமரையை உண்டாக்கும் ட்ரைக்கோஃபைட்டான் கண்ணுக்குத் தெரியவே ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். எனவே 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நான்கு வாரம் வரை வைத்துப் பார்த்த பிறகே "இல்லை" என்று சொல்வார்கள். அப்போதும் அது முடிவான சொல் அல்ல. ஏற்கெனவே களிம்பு தடவியிருந்தாலோ, படையின் சிவந்து பரவும் ஓரத்தை விட்டு நடுவில் சுரண்டியிருந்தாலோ பூஞ்சை வளராமல் போகலாம்.

நம்பிக்கை: தட்டில் வளர்ந்ததுதான் நோய்க்குக் காரணம்.

உண்மை: ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவை தட்டில் விழுந்தால், மெதுவாக வளரும் உண்மையான காரணியை மூடிவிடும். இதைத் தடுக்க, பூஞ்சை வளர்க்கும் ஊடகமான சாபுரோ அகாரில் சைக்ளோஹெக்சிமைடு என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். ஆனால் அந்த மருந்து சில நோய்ப் பூஞ்சைகளையும் அடக்கிவிடும் என்பதால், அது சேர்க்காத ஊடகத்திலும் அதே மாதிரியை இடுவார்கள். நகத்திலிருந்து ஒரே ஒருமுறை ஆஸ்பெர்ஜில்லஸ் வளர்ந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நுண்ணோக்கியில் இழைகள் தெரிய வேண்டும்; மறுபடி எடுத்த மாதிரியிலும் அதுவே வளர வேண்டும்.

நம்பிக்கை: கருப்பு பூஞ்சை கருப்பாக வளரும்.

உண்மை: 2021இல் கொரோனாவோடு சேர்ந்து நாட்டையே கலங்கடித்த நோய் இது. இதை அதிகம் உண்டாக்கும் ரைசோபஸ், தட்டில் வெள்ளைப் பஞ்சாகக் கிளம்பி இரண்டு மூன்று நாளில் மூடியைத் தொட்டுவிடும். வித்துகள் முதிர முதிரச் சாம்பலும் பழுப்புமாக மாறும். கருப்பாவது நோயாளியின் திசு: பூஞ்சை ரத்தக் குழாய்களை அடைத்துவிடுவதால் அது செத்துக் கருகுகிறது.

இவ்வளவு வேகமாக வளர்வது கல்ச்சரில் தவறிப்போவதும் உண்டு. இதன் அகன்ற இழைகளில் குறுக்குச் சுவர்கள் மிக அரிது. திசுவை அரைத்தால் இழை உடைந்து உள்ளிருப்பதெல்லாம் வெளியேறி, பூஞ்சை செத்துவிடும். ஆகவே திசுவைச் சிறு துண்டுகளாக நறுக்கித்தான் ஊடகத்தில் வைக்க வேண்டும்; ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. சந்தேகம் வலுவாக இருந்தால் மருத்துவர்கள் கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமலே சிகிச்சையைத் தொடங்குவதும் இதனால்தான்.

நம்பிக்கை: ஊடகத்தில் சத்து கூடினால் நல்லது.

உண்மை: ஒரு லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு வேகவைத்த சாறும் 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸும் சேர்ந்த அகாரில் பல பூஞ்சைகள் செழித்து வளரும். ஆனால் சத்து மிகுந்தால் சில பூஞ்சைகள் வெறும் இழையாகவே படர்ந்து, வித்து விடாமல் இருந்துவிடும். வித்தின் வடிவமே அடையாளம் என்பதால், அவற்றைச் சத்துக் குறைந்த ஊடகத்துக்கு மாற்றுவார்கள்.

நம்பிக்கை: எந்தப் பூஞ்சையையும் ஆய்வகத்தில் வளர்த்துவிடலாம்.

உண்மை: எச்ஐவி நோயாளிகளின் நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் வழக்கமான எந்த ஊடகத்திலும் வளராது. அதை நுண்ணோக்கியிலோ பிசிஆர் சோதனையிலோதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே, மருந்து தொடங்கும் முன்பே மாதிரி கொடுங்கள். தடவிய களிம்புகளை மறைக்காமல் சொல்லுங்கள். நுண்ணோக்கி முடிவையும் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் எப்படி வந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.