குழந்தை வாய்திறக்கும் வரை காத்திருக்காதே

அன்புள்ள மலருக்கு,

 பள்ளியில் சேர்ந்து முதல் பெற்றோர் கூட்டமும் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். ஓர் அப்பா, “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்” என்றபோது என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றாயாம். என் பணிக்காலம் முழுக்க நானும் கேட்ட வசனம்தான் அது. சொல்கிறவர் கொடுமைக்காரர் அல்லர். ‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு, அடி வாங்கி வளர்ந்தவர். பிள்ளை நம்மைப்போல் கஷ்டப்படக் கூடாதே என்ற பயம்தான் அப்படிப் பேச வைக்கிறது. இருந்தாலும் அதற்குத் தலையாட்டிவிடாதே. பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. “நான் அடிக்க மாட்டேங்க, நீங்களும் வீட்டில் அடிக்காதீங்க” என்று அடுத்த முறை மரியாதையாகச் சொல்.

அடித்து வளர்ப்பது சரி என்ற எண்ணம் ஊறிய வீட்டில் குடியோ, வட்டிக் கடனோ, கணவன் மனைவி சண்டையோ சேர்ந்தால் கை எல்லை மீறுகிறது. இது ஏழை வீட்டுச் சங்கதி என்று நினைக்காதே. மதிப்பெண் குறைந்ததற்காகப் பெல்ட்டைக் கழற்றும் படித்த அப்பாக்களும் இருக்கிறார்கள். பாலியல் கொடுமை வேறு வகை. அது கோபத்தில் நடப்பதில்லை, பெரும்பாலும் திட்டமிட்டே நடக்கிறது. செய்கிறவன் பெரும்பாலும் தெரிந்தவன்: உறவுக்காரன், பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் மாஸ்டர். முதலில் வீட்டாரின் நம்பிக்கையைச் சம்பாதிப்பான். பிறகு பிள்ளைக்குச் சாக்லேட், செல்போனில் கேம். அதன் பிறகுதான் ‘இது நமக்குள்ளயே இருக்கட்டும்’ என்ற பேச்சு வரும். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதில் பையன்களின் எண்ணிக்கை பெண்பிள்ளைகளைவிடக் குறைவில்லை. பெண்பிள்ளைகளை மட்டும் பொத்திப் பாதுகாத்தால் போதும் என்று இருப்பது பெரிய தவறு.

நீ பாராட்டி எழுதியிருந்த ஆறாம் வகுப்புப் பையனைப் பற்றி இப்போது சொல்கிறேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும் முன்பே வந்து நிற்கிறான், மாலையில் எல்லோரும் போன பிறகும் “செடிக்குத் தண்ணி ஊத்தட்டுமா டீச்சர், நோட்டு அடுக்கட்டுமா” என்று சுற்றிச் சுற்றி வருகிறான், பொறுப்பான பிள்ளை என்றாய். அப்படியே இருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போகப் பயப்படுகிற பிள்ளையும் இப்படித்தான் நேரம் கடத்துவான். வெள்ளிக்கிழமை மாலையில் அவன் முகத்தைப் பார். நோட்டை வாங்க நீ சட்டென்று கையை நீட்டும்போது முழங்கையை உயர்த்தி முகத்தை மறைக்கிறானா என்று பார். வகுப்பில் ரகளை செய்கிற பிள்ளையை எல்லோரும் கவனித்துவிடுகிறோம், ஒரு தொந்தரவும் தராத பிள்ளைதான் கண்ணில் படாமல் போகிறான்.

ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முழங்கையிலும் நெற்றியிலும் அடிபடும். காது, கழுத்து, முதுகு, தொடையின் உட்பக்கம் இவையெல்லாம் விழுந்தால் எளிதில் அடிபடாத இடங்கள். இரண்டு கோடாகப் பதிந்த தடம், கரண்டியால் வைத்த சூடு, சிகரெட் முனையளவு வட்டத் தழும்பு இவற்றைப் பார்த்தால், எப்படி ஆனது என்று தனியே அழைத்து மெதுவாகக் கேள். காரணம் காயத்தோடு பொருந்தவில்லை என்றாலோ, இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாகச் சொன்னாலோ கவனமாக இரு. உட்காரவோ சிறுநீர் கழிக்கவோ வலி, ஒரே ஒரு ஆளைக் கண்டால் மட்டும் நடுக்கம், வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு, நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று சரிவது, இவையும் அப்படித்தான். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் சும்மா இருக்கக் கூடாது.

‘வளர்ந்தா மறந்துடும்’ என்பார்கள். மறப்பதில்லை. எப்போது அடி விழும் என்று காத்திருக்கும் பிள்ளையின் மூளையில் பாடம் ஏறாது, அவனுக்கு நாம் ‘மக்கு’ என்று பெயர் வைப்போம். அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்கள் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களின் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். சிறுவயதில் பலவகைக் கொடுமைகளைச் சேர்த்து அனுபவித்தவர்களிடம் குடிப்பழக்கமும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் பல மடங்கு அதிகம். இதய நோய்கூட அதிகம். அதற்காக அந்தப் பிள்ளையின் கதை அவ்வளவுதான் என்று எண்ணிவிடாதே. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக ஆளாகியிருந்தார்கள். அவர்களுக்குப் பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, அக்கறையுள்ள ஒரு பெரியவராவது துணையாக இருந்தார். நம் வேலையின் அருமையை எனக்கு உணர்த்தியது இந்த ஆய்வுதான்.

ஒரு நாள் ஒரு பிள்ளை உன்னிடம் வாய்திறக்கலாம். அதிர்ச்சியை முகத்தில் காட்டாதே. “ஏன் முன்னாடியே சொல்லல?” என்று கேட்காதே. “நீ சொன்னது நல்லது. உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்று சொல். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதே, அதைக் காப்பாற்ற உன்னால் முடியாது. துருவித் துருவி விசாரிக்காதே. அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே தேதியோடு எழுதி வை. அப்பாவை வரவழைத்துக் கேட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதே, அன்றிரவு அடி இரட்டிப்பாகும்.

குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததாகவோ நடக்கக்கூடும் என்றோ அறிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். மறைத்தால் சிறைத்தண்டனைகூட உண்டு. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு வராது. வாக்குமூலம் வாங்கும் போலீசார் சீருடையில் வரக் கூடாது, குழந்தையின் வீட்டிலேயே அதை வாங்கலாம். நிரூபிப்பது உன் வேலை இல்லை, தெரிவிப்பதுதான் உன் வேலை. தலைமை ஆசிரியர் “பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடும், பொறுங்க” என்றால் பொறுக்காதே. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை. நீயே கூப்பிடு.

அன்புடன்,
உன் பெரியம்மா