மீண்டும் பந்தயத்துக்குப் போக நினைக்கும் மாப்பிள்ளைக்கு

திருப்பூர்

சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு மாமன் எழுதிக்கொண்டது.

நீ மறுபடியும் கார் பந்தயத்தில் இறங்க உத்தேசித்திருக்கிறாய் என்று உன் அத்தை சொன்னபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. தீபாவளி போனஸ் பட்டுவாடா சமயத்தில் உன் கம்பெனிக்கு வந்திருந்தபோது, பீரோவின் மேல் சாம்பிள் அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் வருஷக்கணக்காகப் பஞ்சு படிந்து கிடந்த ஹெல்மெட் மாத்திரம் துடைக்கப்பட்டு, புதுக் கண்ணாடி மாட்டப்பட்டு, மேஜையோரத்துக்கு இறங்கி வந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

நம் ஜனங்கள் உன் வயதைப் பற்றிப் பேசுவார்கள். நான் பேசப் போவதில்லை. முப்பத்தெட்டு வயது இந்த வித்தைக்கு அஸ்தமன காலம் அல்ல என்பதற்குப் பக்கத்து ஊர்க்காரரான நரேன் கார்த்திகேயனே சாக்ஷி. 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அவ்வருஷம் இண்டியானாபோலிஸில் மிஷலின் டயர் பூட்டிய பதினான்கு கார்களும் பந்தயம் தொடங்கு முன்பே விலகிக்கொள்ள, எஞ்சிய ஆறில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார் என்பதை இன்றும் சிலர் ஏளனமாகச் சொல்வதுண்டு. டயர் கெட்டவர்கள் ஒதுங்கிக்கொண்டால் டயர் நன்றாக இருந்தவன் என்ன செய்வான், அவனும் கூடவே ஒதுங்கவேண்டுமா என்று கேட்டால் பதில் வராது.

அந்த ஆண்டோடு இடம் பறிபோயிற்று. திரும்ப வாய்த்தது 2011-இல்; ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, துணிக்குச் சாயம் போட இடம் தேடி நாமெல்லாம் வெளியூருக்கு லாரி அனுப்பிக்கொண்டிருந்த அதே வருஷம். ஹெச்.ஆர்.டி. என்ற அணி, வரிசையின் கடைக்கோடியில் நிற்கும் கார். தகுதிச் சுற்றில் மிகவேகமான நேரத்தின் 107 சதவீதத்துக்குள் வராதவனுக்குப் பந்தயத்தில் இடமில்லை என்பது விதி. மெல்போர்னில் முதல் பந்தயத்திலேயே அந்த வரம்புக்குள் வரமுடியாமல், ஐந்து வருஷம் காத்திருந்த மனிதர் புறப்படாமலே திரும்ப வேண்டியதாயிற்று. ஜூலையில் அந்த இடத்தையும் டேனியல் ரிக்கியார்டோ என்ற இளைஞரிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஆயினும் அக்டோபர் 30-ஆம் தேதி டெல்லிக்கருகே புத் மைதானத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் மறுபடி இடம் கிடைத்த நரேன் 17-ஆவதாகவும் அந்த ரிக்கியார்டோ அவருக்குப் பின்னால் 18-ஆவதாகவும் வந்தார்கள். பதினேழாம் இடத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் அந்த ஒரு படியின் அருமை உனக்குத் தெரியும். பிற்பாடு ஜப்பானுக்குப் போய், 2019 நவம்பரில், நாற்பத்திரண்டாம் வயதில் ஃபுஜியில் வெற்றி பெற்றார்.

இதைப் படித்துவிட்டு, மாமன் சம்மதித்துவிட்டார் என்று துள்ளாதே. நரேன் அந்த ஐந்து வருஷமும் சும்மா இருக்கவில்லை. வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராக இருந்தார், ஏ1 கிராண்ட் பிரீயில் 2007-இல் சீனாவின் ஜுஹாயில் ஜெயித்தார், 2010-இல் அமெரிக்காவின் நாஸ்கார் டிரக் பந்தயம் வரை ஓட்டினார். ஸ்டியரிங்கை விட்டுக் கை எடுக்காதவர் அவர். நீயோ உன் அண்ணன் காலமான அன்று விட்டாய். பத்து வருஷம் ஆயிற்று. ஆறு மாசம் நின்ற நிட்டிங் மெஷினைக் கழிவு நூலில் மெதுவாக ஓட்டிப் பார்க்காமல் ஒரேயடியாக ஆர்டர் துணிக்கு விட்டால் நீடில் லைன் விழும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தவன் நீ.

மைக்கேல் ஷூமாக்கரின் சரித்திரத்தையும் இந்தக் கண்ணால் பார். ஏழு முறை சாம்பியன், 2006-இல் விலகி 2010-இல் நாற்பத்தொன்றாம் வயதில் மெர்சிடஸுக்கு வந்து, மூன்று வருஷத்தில் ஒரே ஒரு மூன்றாமிடத்தோடு போனார். வயது என்று ஊர் சொல்லிற்று. எனக்கு வேறொன்று தோன்றுகிறது: ஃபெராரியில் இருந்த காலத்தில் அவர்களுடைய சொந்த மைதானத்தில் வேண்டியமட்டும் ஓட்டிப் பார்த்துக் காரைத் தன் வசப்படுத்திக்கொண்டவர் அவர், 2009 முதல் பந்தய காலத்தில் சோதனை ஓட்டத்துக்குத் தடை வந்துவிட்டது. அவரிடமிருந்து பறிபோனது வேகம் என்பதைவிட அப்பியாசத்துக்கான அவகாசமே.

நிக்கி லௌடா வேறு மாதிரி. 1979-இல் மான்ட்ரியலில் பயிற்சியின் நடுவிலேயே போதும் என்று விலகிப் போன அம்மனிதர், திரும்புவதாகப் பிரகடனம் செய்யுமுன், 1981-இல் டானிங்டன் மைதானத்தில் மெக்லாரன் காரை ஓட்டித் தன்னைத் தானே பரீக்ஷித்துக்கொண்டார். 1982-இல் வந்து மூன்றாம் பந்தயத்திலேயே லாங் பீச்சில் ஜெயித்து, 1984-இல் தம் அணித் தோழர் புரோஸ்டை வெறும் அரைப் புள்ளியில் முந்திப் பட்டம் பெற்றார். புரோஸ்ட் அவ்வருஷம் ஏழு பந்தயம் ஜெயித்தவர், லௌடா ஐந்துதான்.

ஆகவே நீ யாரிடமும் வாய் திறக்காமல் செட்டிபாளையம் கரி பந்தய மைதானத்துக்குப் போ. ஞாயிறுகளில் வாடகைக் காரில், தெரிந்தவன் ஒருவனை ஸ்டாப் வாட்ச்சோடு நிறுத்திவைத்து ஓட்டிப் பார். ஒரு சுற்றின் வேகத்தை அல்ல, இருபதாவது சுற்று முதல் சுற்றிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைக் குறித்துக் கொண்டுவந்து காட்டு. கழுத்து மறுநாள் திரும்புகிறதா என்பதையும் சொல்.

பணத்தைப் பற்றி மாத்திரம் கண்டிப்பாக எழுதுகிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதமாக்கியபோது எத்தனை பேர் சனிக்கிழமை சம்பளத்துக்கு அலைந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். ஏற்றுமதிக்கு வங்கி தரும் பேக்கிங் கிரெடிட்டிலிருந்து ஒரு ரூபாயும் டயருக்குப் போகக்கூடாது. உன் பங்கு லாபத்தில், உன் தம்பிக்குத் தெரிந்து, வருஷத்துக்கு இவ்வளவு என்று எழுதிவைத்துச் செலவழி. நடிகர் அஜித் குமாரை நீ உதாரணம் சொன்னாயாம். நல்ல உதாரணந்தான், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு முன் பயிற்சியில் கார் மோதியபிறகு, அணியின் நலன் கருதித் தம் அணிக் காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து அவரே விலகிக்கொண்டார், அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் உன்னால் அப்படி விலக முடியுமா என்பதையும் யோசி.

சுற்று நேரங்கள் திருப்தியாக இருந்தால் உன் அம்மாவிடம் நீயே சொல்லவேண்டும். நான் சொல்லமாட்டேன், அக்காவிடம் எனக்குப் பயம் உண்டு.

இப்படிக்கு,
மாமன்