பற்கம்பி அகற்றப்படும் காலமும் முறையும்

உடுவிலிலும் அதனையடுத்த இணுவில், சுன்னாகம், மானிப்பாய் முதலாய ஊர்களிலும் காலை வேளையிற் பேருந்துக்குக் காத்துநிற்கும் மாணவர் கூட்டத்தை நோக்குவோர், சிரிக்கும் வாய்களிடையே கம்பி மின்னும் வாய் ஒன்றிரண்டையேனும் இன்று காண்பர். ஒரு தலைமுறைக்கு முன்னர் இக்காட்சி அரிதாயிருந்தது. பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைத்தால், "தகப்பனின் வாய் அப்படியே வந்திருக்கிறது" என்று கூறி அமைந்துவிடுவதே வழக்கம். இன்று கம்பி பூட்டுவிக்கும் பெற்றோர் பலர். ஆயினும், பூட்டிய நாள் முதலாக வீட்டில் எழும் வினா ஒன்றே: "இதை எப்போது கழற்றுவார்கள்?" அவ்வினாவையும், கழற்றும் முறையையும், கழற்றிய பின் நிகழ்வனவற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

எமக்குத் தெரிந்த இளைஞன் ஒருவனின் செய்தியை முதற்கண் கூறுதல் பொருந்தும். கம்பி பூட்டிப் பதினொரு மாதத்தில் அவனுடைய முன்பற்கள் வரிசையாகிவிட்டன. உயர்தரப் பரீட்சை முடிந்தது. வெளிநாட்டுப் பயணமும் கைகூடியது. "பல்லுத்தான் நேராகிவிட்டதே, போகுமுன் கழற்றிவிடுங்கோ, டொக்டர்" என்று தாயார் மன்றாடினார். வைத்தியர் தடுத்துரைத்தும் கேளாது கழற்றுவித்தனர். பின்னர் அணியுமாறு கொடுத்த தட்டும் பயணப்பெட்டியின் அடியிலே கிடந்துவிட்டது. இரண்டாண்டின் பின் தமக்கையின் திருமணத்துக்கு வந்தபோது, வேட்டைப்பல் பழையபடி ஏறியிருந்தது. இப்பொழுது அவன் வேற்று நாட்டிலே, தன் உழைப்பிலே, இரண்டாம் முறையாகக் கம்பி பூட்டியிருக்கின்றான். எமது அரசாங்க வைத்தியசாலைகளில் இவ்வைத்தியம் இலவசமாகக் கிடைப்பினும் காத்திருப்போர் தொகை பெரிது. அவ்வாறு காத்திருந்து பெற்றதை நான்கு மாத அவசரத்தால் இழத்தல் எளிய இழப்பன்று.

கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்தமையே இங்கு நேர்ந்த பிழை. அஃது ஏன் பிழையென்பதை அறியப் பல்லின் வேரிடத்தே செல்லுதல் வேண்டும். பல்லையும் என்பையும் பற்றித் தமிழிலே கற்பது எம் அயலுக்குப் புதிதன்று. உடுவிலுக்கு அண்மையிலுள்ள மானிப்பாயில் 1848ஆம் ஆண்டளவில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பிற்காலத்தில் அதனைத் தமிழிலேயே நடத்தினார்; 1872இல் "மனுஷ அங்காதிபாதம்" என்னும் பெருநூலையும் தமிழில் வெளியிட்டார். அவர் சமயம் வேறு, எம் சமயம் வேறு. ஆயினும் அந்நன்றியை நாம் மறத்தற்கில்லை.

பல் என்பது என்பினுள் ஆணி அறைந்தாற்போல இறுகி நிற்பதன்று. வேருக்கும் தாடையென்புக்குமிடையே ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர் அகலமான நார்ப்படை ஒன்று உண்டு. கம்பி மெல்ல அழுத்துங்கால், அழுத்தப்படும் பக்கத்தில் என்பைக் கரைக்கும் கலங்கள் தோன்றி வழிவிடுகின்றன. எதிர்ப்பக்கத்திற் புதிய என்பு படிகின்றது. இவ்வாறு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பல் நகரும். இழுப்பை இருமடங்காக்கினால் வேகமும் இருமடங்காகும் என எண்ணற்க. மிகையான விசை நார்ப்படையின் குருதியோட்டத்தைத் தடுத்துப் பல்லை நின்றவிடத்திலேயே நிறுத்திவிடும். வேர்நுனி தேய்தற்கும் ஏதுவாகும். ஆதலாற்றான் முழுமையான கம்பி வைத்தியத்துக்குப் பெரும்பாலும் 18 முதல் 24 மாதங்கள் வரை செல்கின்றன. சிக்கலான வாய்க்கு இன்னும் மிகும்.

அங்ஙனமாயின், முன்பற்கள் சில மாதங்களிலே நேராகிவிடுவது எதனால்? தொடக்கத்திற் பூட்டப்படும் மெல்லிய கம்பி நிக்கலும் தைத்தானியமும் சேர்ந்த கலப்புலோகமாகும். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடமொன்றிற் கண்டறியப்பட்ட அது, 1970களின் தொடக்கத்திற் பல் வைத்தியத்துக்கு வந்தது. எவ்வளவு வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே மீளும் இயல்பினது. அதனாற் பல்லின் முடி விரைந்து வரிசைக்கு வருகின்றது. வேரோ இன்னும் சாய்ந்தே நிற்கும். மேல்வாயும் கீழ்வாயும் இன்னும் பொருந்தியிரா. எஞ்சிய மாதங்களிற் பூட்டப்படும் தடித்த, நாற்கோணமான உருக்குக் கம்பிகளின் வேலை அவ்விரண்டையும் திருத்துவதேயாம். பெற்றோர் கண்ணுக்கு "ஒன்றும் நடக்கவில்லை" என்று தோன்றும் காலம் இதுவே. பெரிய வேலை நடப்பதும் இக்காலத்திலேதான்.

கழற்றற்குரிய பருவத்தை வைத்தியர் எவ்வாறு அறிவர்? முதலாவதாக அவர் நோக்குவது கடைவாயை. ஆறு வயதளவில் முளைக்கும் முதற் கடைவாய்ப்பல்லையே அமெரிக்கரான எட்வேட் ஏங்கிள் 1899இல் அளவுகோலாகக் கொண்டார். மேற்பல்லின் முன்வெளிக் குமிழ், கீழ்ப்பல்லின் வெளிப்புறப் பள்ளத்தில் அமருமாயின் அது நற்பொருத்தம் என்றார். பின்னர் லோறன்ஸ் அன்ட்றூஸ் என்பவர், வைத்தியம் எதுவும் பெறாது இயற்கையாகவே செவ்வனே அமைந்த 120 வாய்களின் அச்சுக்களை ஆராய்ந்து, நல்ல பல்வரிசைக்கு ஆறு இலக்கணங்களை 1972இல் வகுத்தார். கடைவாய்ப் பொருத்தம், பல்லின் முன்பின் சாய்வு, உட்புற வெளிப்புறச் சாய்வு, திருகல் இன்மை, இடைவெளி இன்மை, கீழ்வரிசையின் மட்டம் என்பன அவை. இவற்றுட் கண்ணாடியில் எளிதிற் புலப்படுவன இரண்டு அல்லது மூன்றே.

மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்கு முன்னே இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவில் நிற்கின்றனவா, இரு வரிசைகளின் நடுக்கோடுகளும் ஒத்துள்ளனவா என்பனவும் பார்க்கப்படும். பற்களைப் பிடுங்கி இடம் தேடியிருப்பின், அவ்விடைவெளி முற்றாக அடைபட்டிருத்தல் வேண்டும். தாடை முழுவதையும் ஒரே படத்திற் காட்டும் எக்ஸ் கதிர்ப் படத்தில், பிடுங்கிய இடத்துக்கு இருமருங்குமுள்ள வேர்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்று நோக்குவர். முடிகள் தொட்டு வேர்கள் விலகி நின்றால், அடைத்த இடைவெளி மீண்டும் திறக்கும். ஈற்றில், இறப்பர் வளையங்களை மாட்டிப் பற்களை ஒன்றோடொன்று கௌவச் செய்வதுமுண்டு. அவ்வளையத்தைப் பகலிற் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, வைத்தியரைக் காணச் செல்லும் காலையில் மட்டும் மாட்டிக்கொள்ளும் மாணவர்காள், வேலை முடிவதைத் தள்ளிவைப்பவர் நீவிரேயன்றி வைத்தியரல்லர்.

பருவம் வருமுன்னரே கழற்றவேண்டிய நிலையும் சிலருக்கு நேரும். கம்பியைச் சுற்றிப் படியும் அழுக்கை நாள்தோறும் துலக்காவிடின், அங்கு வாழும் நுண்ணுயிர்கள் வெல்லத்தை அமிலமாக்கிப் பல்லின் மேலோடாகிய மிளிரியை அரிக்கும். ஒரு மாத காலத்திலேயே சுண்ணாம்பு தடவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றிவிடலாம். எச்சரித்தும் திருந்தாத வாயிற் கம்பியை வைத்திருப்பதிலும் கழற்றிவிடுவதே நன்றென வைத்தியர் முடிவு செய்தல் தவறாகாது. நேரான சொத்தைப்பல்லால் யாருக்கு என்ன பயன்?

எம்மவர்க்கு அடிக்கடி நேர்வது வெளிநாட்டுப் பயணம். அதற்காகக் கழற்றுதல் எப்போதும் வேண்டப்படுவதன்று. பல்லின் அச்சுக்கள், எக்ஸ் கதிர்ப் படங்கள், இதுவரை செய்தவற்றையும் இனிச் செய்யவேண்டியவற்றையும் கூறும் வைத்தியரின் கடிதம் ஆகியவற்றைப் பெற்றுச் சென்றால், அங்குள்ள வைத்தியர் தொடர்ந்து செய்தல் கூடும். இதனைப் பயணத்துக்கு முதல்வாரத்திற் கேளாது, விண்ணப்பம் கொடுக்கும்போதே கேட்டல் வேண்டும்.

இனிக் கழற்றும் முறை. 1960களில் இவ்வைத்தியம் பெற்றோர்க்குப் பல் ஒவ்வொன்றையும் சுற்றி உலோகப் பட்டை இறுக்கப்பட்டிருந்தது. பட்டைகளைக் கழற்றியபின் பற்களிடையே அவற்றின் தடிப்பளவில் இடைவெளிகள் எஞ்சும்; அவை பின்னரே மூடும். 1955இல் மைக்கல் புவனகோர் என்னும் அமெரிக்கர், பொசுபோரிக்கமிலத்தால் மிளிரியைச் சிறிது கரடாக்கினாற் பிசின் பற்றும் என்று காட்டியமை இந்நிலையை மாற்றியது. இன்று பல்லின் முகத்திற் சிறு உலோகத் துண்டு ஒட்டப்படுகின்றது. பட்டை பெரும்பாலும் கடைவாய்ப்பல்லுக்கே உரியதாயிற்று.

ஒட்டியதைப் பிரித்தற்கெனத் தனிக் குறடு உண்டு. வைத்தியர் அக்குறட்டால் உலோகத் துண்டை இருபுறமும் நெரிப்பார், இழுப்பதில்லை. நெரிபட்ட துண்டின் அடி வளைந்து பிசினை விட்டுப் பிரியும். பிரிவு உலோகத்துக்கும் பிசினுக்குமிடையே நிகழ்வதே விரும்பத்தக்கது. பிசினுக்கும் பல்லுக்குமிடையே நிகழின் மிளிரி பெயரும் அச்சமுண்டு. வெண்களியால் இயன்ற துண்டுகள் வளையாது நொறுங்குவனவாதலின் அவற்றுக்குக் கூடிய அவதானம் வேண்டும். கடைவாய்ப் பட்டையை வேறொரு குறட்டால் மெல்ல மேல் நெம்பி எடுப்பர். ஊசி மருந்து வேண்டியதில்லை. அழுத்தமும் சிறு கூச்சமுமே தோன்றும். அவ்வேளை பஞ்சுச் சுருளொன்றைக் கடித்திருத்தல் நோவைக் குறைக்கும்.

பல்லில் எஞ்சிய பிசினை அகற்றுவதே நுண்ணிய வேலை. தங்குதன் காபைட்டுத் துருவியைச் சுழற்றிப் படைபடையாகச் சுரண்டி, ஈற்றில் எரிமலை நுரைக்கல்லின் பொடியால் மெருகிடுவர். எல்லாம் ஒரு மணி நேரத்துள் முடியும். வீட்டிலே பொற்கொல்லர் குறடுபோன்ற ஒன்றால் தாமே கழற்றிக்கொண்டோர் சிலர் உளர் என்று கேள்வியுறுகின்றோம். இழுத்துப் பிரிப்பதால் மிளிரி பிளப்பதும், பிசின் எஞ்சி அழுக்குச் சேர்வதும் அதனால் வரும் பயன்கள்.

கழற்றிய அன்று பல் நீண்டுவிட்டதுபோலவும் வழுவழுப்பாகவும் நாவுக்குத் தோன்றும். வெண்புள்ளி இருப்பின் உடனே அதைத் தேய்த்தகற்றத் துடிக்கலாகாது. உமிழ்நீரே சில மாதங்களில் அதனை ஓரளவு மங்கச்செய்யும். இரண்டாண்டு விலக்கிய முறுக்கையும் புழுக்கொடியலையும் அன்றே கடிக்க ஆசை எழும். பல் சற்று ஆடும் நிலையிலிருப்பதால், புழுக்கொடியல் சில வாரம் பொறுக்கட்டும்.

ஆடுதல் நிற்கலாம், நார்கள் மறப்பதில்லை. வேரைச் சூழ்ந்த நார்ப்படை மூன்று நான்கு மாதத்தில் ஒழுங்காகும். முரசிலுள்ள நார்களோ நெடுங்காலம் இழுபட்டபடியே நின்று, திருகிய பல்லைப் பழைய திசைக்கு இழுக்கும். நோர்வே நாட்டு அறிஞர் கோரே றைற்றன் 1959இல் நாய்களிற் செய்த ஆய்வில், 232 நாட்களின் பின்னரும் அவ்வாறு இழுபட்ட நார்களைக் கண்டார். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1981இல் வெளியிட்ட ஆய்வு, தட்டணிவதை நிறுத்திப் பத்தாண்டு கழிந்த 65 பேரை நோக்கி, அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் கீழ் முன்பற்கள் மீண்டும் ஒழுங்கு குலைந்திருந்தமையைக் காட்டியது. ஞானப்பல்லே இதற்குக் காரணம் என்று பலர் பழிப்பர். அப்பழியை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. வயதோடு கீழ்வரிசை நெருங்குதல் கம்பி அணியாதார்க்கும் உள்ள இயல்பாகும்.

ஆதலாற் கழற்றும் நாளிலேயே, பல்லை நின்றவிடத்தில் நிறுத்தும் தட்டுக்கு அச்செடுக்கப்படுகின்றது. கம்பியும் அக்கிரிலிக்கும் சேர்ந்த தட்டு ஒருவகை. சாள்ஸ் ஹோலி என்பவர் ஒரு நூற்றாண்டுக்கு முன் வகுத்த அது இன்றும் வழக்கிலுண்டு. கண்ணாடிபோன்ற மெல்லிய உறை இன்னொரு வகை. முன்பற்களின் உட்புறத்தில் ஒட்டிவிடும் நுண்கம்பி மூன்றாவது. இதனை அணிய மறத்தல் இயலாது, ஆயினும் ஒருமுனை விட்டுப்போனதை அறியாதிருத்தல் இயலும். எவ்வளவு நேரம் அணிவது என்பதை வைத்தியர் வாய்க்கேற்ப வகுப்பர். பின்னர் இரவில் மட்டும் அணிந்தாற் போதும் என்பர். அவ்விரவுகள் எத்தனையாண்டு என்று கேட்பின், நேரான பல் வேண்டுமளவும் என்பதே இன்றைய வைத்தியர் பலரின் விடை.

தட்டைக் கொதிநீரிற் கழுவினால் வடிவம் திரியும். தண்ணீரும் தூரிகையுமே போதும். அது பெரும்பாலும் தொலைவது உணவு வேளையிலாகும். கோயில் அன்னதானத்தில் வாழையிலையின் ஓரத்தே கழற்றி வைத்து, உண்டபின் இலையோடு மடித்தெறிந்துவிட்டு, மாலையில் எச்சில் இலைக் குவியலைக் கிளறி நின்ற தகப்பன் ஒருவரை நாமறிவோம். தட்டுடன் தரப்படும் சிறு பெட்டி சட்டைப்பைக்குள் அடங்கும் அளவினதே.