பாலம் கடக்கும்முன் ‘கேன்’, ‘மஸ்ட்’ கவனம்!

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறீர்களா? கடையில் ‘கேன் லா’ போதும்; அங்கே போதாது.

1. ‘கேன்’ என்று மொட்டையாக நிறுத்தாதீர்கள். ‘யெஸ், ஐ கேன் ஸ்டார்ட் ஆன் மண்டே’ என்று முழுதாகச் சொல்லுங்கள். மொட்டையாக நிறுத்துவது மலாய் ‘போலே’யை ஒத்த பழக்கம். கேட்பவருக்கு அலட்சியமாகப் படலாம்.

2. உதவி கேட்க ‘குட் யூ’ (could you) என்று தொடங்குங்கள். நம் ‘முடியுமாங்க’வில் உள்ள மரியாதை அதில் உண்டு.

3. ‘மஸ்ட் டு கோ’ தவறு. ‘மஸ்ட் கோ’ என்பதே சரி. ‘ஹேவ்’தான் ‘டு’ கேட்கும்.

4. இதை மட்டும் மறக்கவே வேண்டாம்: ‘டோன்ட் ஹேவ் டு’ என்றால் தேவையில்லை, ‘மஸ்ட் நாட்’ என்றால் கூடாது. முதலாளி ‘யூ டோன்ட் ஹேவ் டு கம் ஆன் சாட்டர்டே’ என்றால் சனிக்கிழமை வருவது உங்கள் விருப்பம். ‘மஸ்ட் நாட் கம்’ என்றால் வாசல் பக்கமே போகாதீர்கள்.