அருவிக்குச் செல்லும் வழி

பள்ளி விடுமுறை வந்தால் அருவி காணப் புறப்படும் குடும்பங்கள் பல. (பலரும் 'நீர்வீழ்ச்சி' என்றே எழுதுகின்றனர்; 'அருவி' என்னும் அழகிய சொல் நம்மிடம் இருக்க அது எதற்கு?) எந்த அருவிக்குப் போவது என்று முடிவு செய்கையில் நாம் முதலில் கேட்பது, "எது அழகானது?" என்பதே. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வழியில் ஆற்றை எத்தனை முறை கடக்க வேண்டும்?

சிலாங்கூர் மாநிலத்திலுள்ள இரண்டு அருவிகளை எடுத்துக்கொள்வோம். ரவாங்குக்கு அருகிலுள்ள கஞ்சிங் அருவி ஏழு அடுக்குகளாக இறங்குகிறது. கீழ் அடுக்குகளுக்குப் படிகள் உண்டு. மேலே செல்லச் செல்லப் பாதை செங்குத்தாகி, வேர்களும் வழுக்குப் பாறைகளும் குறுக்கிடும். ஆயினும் களைத்தவர் தாம் எட்டிய அடுக்கிலேயே அமர்ந்துவிடலாம். பாட்டியும் பேரனும் சேர்ந்து செல்ல ஏற்ற இடம் அதுவே. உணவுப் பொட்டலத்தைக் குரங்குகளிடமிருந்து காப்பதுதான் பெரும்பாடு!

கோல குபு பாருவை அடுத்த சிலிங் அருவியின் வழி வேறு வகையானது. அங்கே ஏற்றம் குறைவு. ஆனால் ஒரே ஆற்றில் ஐந்தாறு முறை இறங்கிக் கடக்க வேண்டும். திரும்பும்போதும் அத்தனை முறை கடந்தாக வேண்டும். காலையில் முழங்கால் அளவாக இருந்த நீர் பிற்பகலில் மார்பளவு உயர்ந்துவிட்டால், அக்கரையிலேயே காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. நீந்தத் தெரியாத பிள்ளைகளுடன் செல்வோர் இதனை நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆறு ஏன் அவ்வளவு விரைவாகப் பெருகுகிறது? தித்திவங்சா மலைத்தொடரின் சரிவுகள் செங்குத்தானவை. அவற்றில் பெய்யும் பெருமழை பல ஓடைகளாக இறங்கி, ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஒன்றுசேர்ந்து பாய்கிறது. நாம் குளிக்குமிடத்தில் வெயில் காயும். மலையுச்சியிலோ மழை கொட்டும். அந்நீர் திடீரெனத் திரண்டு வருவதை மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயிர்' என்பர். 'தண்ணீரின் தலை' என்பது அதன் பொருள். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் கெடாவின் குனோங் ஜெராய் மலையிலிருந்து இவ்வாறு இறங்கிய வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் புரட்டிக்கொண்டு வந்து உயிர்களைப் பறித்தது.

அருவியை அடைந்ததும் நீரின் விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வைத்து, அதனைக் கவனிக்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். கல் நீருக்குள் மூழ்கினாலும், தெளிந்த நீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், மேலிருந்து புதிய இரைச்சல் கேட்டாலும் உடனே மேட்டில் ஏறிவிட வேண்டும். பையையும் செருப்பையும் தேடக் கூடாது. கரையோரமாகக் கீழ்நோக்கி ஓடுவதும் ஆபத்து. வெள்ளம் நம்மை முந்திவிடும்.

பெற்றோர்களே! சோறாக்கிக் குழம்பு வைத்து, பதினொரு மணிக்கு வண்டியேறும் வழக்கம் அருவிப் பயணத்திற்கு ஒவ்வாது. நம் நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலேயே வருகிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் இன்னும் மிகுதி. காலை எட்டு மணிக்கே நடக்கத் தொடங்கி, நண்பகலுக்குள் ஆற்றை விட்டு வெளியேறிவிடுதல் நன்று. பால்மரம் வெட்டிய நம் பெரியவர்கள் விடியற்காலையிலேயே வானத்தைப் பார்த்து அன்றைய வேலையைக் கணித்தவர்கள். அவர்களில் ஒருவர் உடன் வந்தால், "இன்று வேண்டாம்" என்று அவர் சொல்வதைத் தட்டாதீர்கள். புறப்படுமுன், அவ்விடம் திறந்திருக்கிறதா என்று உரிய இலாகாவில் கேட்டறிவதும் தேவை.

காலில் ஆறாத புண் உள்ளவர் கரையிலேயே இருக்கட்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் காய்ச்சல் புண் வழியே உடலில் புகும். ஆற்றில் குளித்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் உடல் வலியும் கண்டால், எந்த அருவிக்கு எந்த நாளில் சென்றீர்கள் என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.